“காட்சி” என்று எழுதிக் கொடுத்தால் கடமை முடிந்ததா?

சுற்றுலா பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொன்னால், எமது பிள்ளைகளில் பலர் “பியூட்டிஃபுல் சீனரீஸ் பார்த்தோம்” என்றுதான் எழுதுகிறார்கள். வகுப்பில் நாங்கள் அடிக்கடி காண்பது இது. உடனே “இந்தப் பிள்ளைக்கு இங்கிலீஷ் ஏறாது” என்று முத்திரை குத்துகிறார்கள். பிழை பிள்ளையில் இல்லை. சீன் என்றாலும் காட்சி, சீனரி என்றாலும் காட்சி என்று அச்சடித்து விற்கும் டியூட்டில்தான் பிழை.

தமிழில் காட்சி என்ற ஒரு சொல் இரண்டுக்கும் போதும். ஆங்கிலத்தில் போதாது.

எல்ல ஒன்பது வளைவுப் பாலத்தடியில் நின்று பாருங்கள். மலை, தேயிலை, பனிமூட்டம் எல்லாம் சேர்ந்த மொத்த அழகு சீனரி. “தண்ணீர்கள் குடித்தேன்” என்று நாம் சொல்வதில்லையே, அதுபோல சீனரிக்கும் பன்மை இல்லை. முன்னால் “ஏ” போடவும் முடியாது. ரயில் வரும்போது சனம் ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறதே, அது சீன். அதை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம்.

மேடையிலும் இதே கணக்குத்தான். பின்னால் தொங்கும் வர்ணத் திரையும் அட்டை மரமும் சீனரி. முன்னால் நடிப்பது சீன். மெக்பத் நாடகத்தின் முதல் சீனில் மூன்று சூனியக்காரிகள் வருவார்கள். அவர்கள் நிற்கும் பொட்டல் வெளியைத் திரையில் வரைந்தால் அது சீனரி. இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றே: கூடாரத்தைக் குறித்த ஸ்கேனே என்ற கிரேக்கச் சொல். மேடைத் திரைக்குச் சொன்ன சீனரி பிறகுதான் மலைக்கும் ஆற்றுக்கும் போனது.

அழகான ஓர் இடத்தை “ஏ பியூட்டிஃபுல் சீன்” என்றும் சொல்லலாம். ஆனால் விபத்து நடந்த இடத்தைச் சீனரி என்றால் கேட்பவர் சிரிப்பார்.

“விளங்கினால் போதும்தானே சேர்?” என்கிறார்கள். அறுகம்பேயில் வெளிநாட்டவரோடு பேசும்போது விளங்கும்தான். சாதாரண தரப் பரீட்சைத் தாளிலும் வேலை விண்ணப்பத்திலும் எழுத்துத்தான் பேசும். அங்கே விளங்கப்படுத்த பிள்ளை பக்கத்தில் நிற்காது. வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளரும் பிள்ளைக்கு டியூட் பிழைத்தாலும் காது திருத்திவிடும். எமது பிள்ளைகளுக்கு வகுப்பும் டியூட்டும்தான் கதி. அதிலும் அரைகுறையைக் கொடுத்துக் காசு வாங்குவது அநியாயம்.

உம்மா வாப்பாமாரே, இன்றிரவே பிள்ளையின் ஆங்கிலக் கொப்பியைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல் மட்டும் இருந்தால், படிப்பிப்பவரிடம் இரண்டு வசனம் கேளுங்கள். நாங்களானாலும் சரி, கேளுங்கள்.