பாலாடைக்கட்டியும் பருத்த தேகமும்

தராசைப் பற்றிப் போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. ஏலக்காயின் நிறம், பருமன், வாசனை எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, கடைசியில் கிராம் பிசகாமல் நிறுத்துப் பார்க்கும் ஊர் இது. எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காய்க்கு ஒரு விலை. அதற்குக் கீழ்ப்பட்டதற்கு வேறொரு விலை. காயின் விஷயத்தில் இவ்வளவு கறாராக இருக்கும் நாம், நம்முடைய சொந்த எடையைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும், "ஏதோ கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறேன்" என்று சொல்லி நழுவி விடுகிறோம்.

இந்தப் பூச்சு இலேசானதல்ல. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேரும், ஆண்களில் நூற்றுக்கு முப்பத்தேழு பேரும் இருக்க வேண்டியதற்கு மேற்பட்ட எடையுள்ளவர்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நம் நாட்டு வைத்தியர்கள் வரையறுத்திருக்கிறார்கள். தையற்காரருடைய நாடா ஒன்று வீட்டில் இருந்தால் போதும். டாக்டரிடம் போவதற்கு முன்பே பாதிச் சங்கதி தெரிந்துவிடும்.

விடியற்காலையில் ஜீப்பில் ஏறி மலைக்குப் போகிறார்களே, தோட்டத்துப் பெண்கள், அவர்களைப் பற்றி நான் பேசவில்லை. ஏலச் செடியின் காய் கிளையில் தொங்குவதில்லை. அடித்தூரில் தரையோடு படரும் சரத்தில் காய்க்கிறது. நாள் முழுவதும் சரிவில் குந்தியும் குனிந்தும் எடுத்தால்தான் உண்டு. அந்தக் காயைக் கீழே உட்கார்ந்து வாங்கி விற்கிறவர்கள், கணக்கு எழுதுகிறவர்கள், அவர்களுடைய குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் என்னைப் போன்றவர்கள் - நம் பேச்சுத்தான் இது.

இப்படிப்பட்டவர் ஒருவர் எடையைக் குறைக்கத் தீர்மானித்ததும், வீட்டிலுள்ளவர்கள் முதன்முதலில் போடும் தடை உத்தரவு, "இனிமேல் சீஸைத் தொடாதே!" என்பதுதான். இருபது வருஷத்துக்கு முன்பு இந்த ஊரில் அநேகம் வீடுகளில் பெயர்கூடத் தெரியாதிருந்த பண்டம், இன்று முதல் குற்றவாளியாகக் கூண்டில் நிற்கிறது. வழக்கைச் சற்று விசாரிக்கலாம்.

சீஸ் என்னும் பாலாடைக்கட்டி எப்படி உண்டாகிறது என்பது ஏலக்காய் ஸ்டோரைப் பார்த்தவர்களுக்குச் சுலபமாக விளங்கும். சுமார் ஐந்து கிலோ பச்சைக் காயை ஸ்டோரில் உலர்த்தினால் ஒரு கிலோ கிடைக்கிறது. நீர் போய்ச் சாரம் நிற்கிறது. பாலும் அப்படியே. பாலை உறைய வைத்து, தெளிந்த நீரை வடித்து, உப்பிட்டு, அழுத்தி, மாதக் கணக்கில் பக்குவப்படுத்துகிறார்கள். பத்து லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ கட்டி தேறும். ஆகையால் தீப்பெட்டி அளவுள்ள 30 கிராம் துண்டு என்பது ஏறக்குறைய 300 மில்லி லிட்டர் பாலின் சாரம். அதில் 120 கலோரி, பத்துக் கிராம் கொழுப்பு, ஏழு கிராம் புரதம், எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து எல்லாம் அடக்கம். நன்றாகப் பழுத்த கட்டியில் பாலிலுள்ள சர்க்கரை அநேகமாக இராது. அதனால், பால் குடித்தால் வயிறு பொருமுகிறது என்பவர்களில் பலருக்கும் இது ஒத்துக்கொள்கிறது.

நம் முன்னோர்களுக்குப் பால் திரிந்து போவது அபசகுனம். தயிராக்கினார்கள், மோராக்கினார்கள், வெண்ணெய் எடுத்து நெய்யாக உருக்கினார்கள். திரித்து மட்டும் தின்னவில்லை. நாம் சீஸுக்கு மிகவும் கிட்டத்தில் போனது சீம்பால் கட்டியில்தான். கன்று ஈன்ற பசுவின் முதற்பாலில் கருப்பட்டியும் ஏலமும் போட்டு ஆவியில் வேகவைத்து எடுத்தால், பேஷ், அதற்கு ஈடு சொல்ல எந்த ஐரோப்பியக் கட்டியாலும் முடியாது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நம் குரங்கணி மலைக்கு அப்பால், மூணாற்றுப் பக்கம் மாட்டுப்பட்டி என்ற இடத்தில், இந்தியாவுக்கும் சுவிட்ஸர்லாந்துக்கும் ஏற்பட்ட ஒப்பந்தப்படி 1963-ம் வருஷம் ஒரு கால்நடைப் பண்ணை தொடங்கினார்கள். சுவிட்ஸர்லாந்தின் பழுப்பு நிறக் காளைகளைக் கொண்டுவந்து உள்நாட்டுப் பசுக்களோடு சேர்த்து 'சுநந்தினி' என்ற புது வர்க்கத்தை உண்டாக்கினார்கள். சுவிஸ் மாடு மலை ஏறி வந்துவிட்டது. சுவிஸ் சீஸ் கூடவே வரவில்லை! பாலெல்லாம் நம்முடைய டீயிலும் காப்பியிலும் கலந்து போயிற்று.

எனக்குத் தெரிந்த சரித்திர உபாத்தியாயர் ஒருவர். வயது ஐம்பத்தொன்று, எடை 88 கிலோ. அவருடைய தகப்பனார் நீரிழிவு முற்றிச் சிறுநீரகம் கெட்டு ஐம்பத்துநாலாம் வயதில் காலமானவர். சென்ற வருஷம் மதுரையில் ஒரு டாக்டர் இவருடைய இரத்தத்தைச் சோதித்துவிட்டு, "சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது, ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது. எட்டுக் கிலோ குறைக்க வேண்டும்" என்றார். அவருடைய மனைவி அன்று மாலையே வீட்டிலிருந்த சீஸை எடுத்துப் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

அந்தச் சீஸுக்கு ஒரு கதை உண்டு. பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் மகள் மாதம் ஒரு முறை வரும்போது ஒரு கட்டி வாங்கி வருவாள். தகப்பனாரும் மகளும் மொட்டை மாடியில் உட்கார்ந்து, மலைமேல் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே தின்பார்கள். ஆபீஸ் சமாசாரம், கல்யாணப் பேச்சு எல்லாம் அங்கேதான் நடக்கும். தடை உத்தரவுக்கு அடுத்த மாதம் அவள் வெறுங்கையோடு வந்தாள். மாடிக்கு இருவரும் போகவில்லை. மூன்றாவது வாரத்தில் உபாத்தியாயர் பத்தியத்தையே தலைமுழுகிவிட்டுப் பழையபடி டீக்கடைக்குப் புறப்பட்டார். "அண்ணே, நீங்களாவது சொல்லக் கூடாதா? அவங்க அப்பாவுக்கு ஆனது இவங்களுக்கும் ஆகணுமா?" என்று அந்த அம்மாள் என்னிடம் கண் கலங்கினார்.

நான் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய், அவர் ஒரு நாளில் உண்பதை எல்லாம் எழுதச் சொன்னேன். டீ நான்கு வேளை, வேளைக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை: அதிலேயே 150 கலோரிக்குக் குறையாது. மாலையில் டீக்கடை வடை இரண்டு. இரவில் "இன்னும் கொஞ்சம்" என்று வாங்கும் மறுசோறு. பரீட்சைத் தாள் திருத்தும்போது கை தானாகப் போகும் முறுக்கு டப்பா. சீஸோ மாதத்துக்கு ஒரு மாலை! கூண்டில் நின்றது சீஸ், திருடியது வடை.

ஒரு கிலோ கொழுப்புக் கரைய ஏறத்தாழ 7,700 கலோரி குறைய வேண்டும். தினம் 250 கலோரி குறைந்தால் மாதம் ஒரு கிலோ என்று கணக்குச் சொல்லும். உடம்பு அவ்வளவு நாணயமாக நடந்துகொள்ளாது, கொஞ்சம் தாமதம் செய்யும். டீயில் சர்க்கரை அரைக் கரண்டியாயிற்று. வடையும் மறுசோறும் நின்றன. தினம் ஒரு மணி நேரம் கொட்டகுடி ஆற்றுப் பக்கம் நடந்தார். மாதம் ஒரு மாலை தீப்பெட்டி அளவு சீஸ் மீண்டும் மாடி ஏறியது. ஏழு மாதத்தில் ஐந்தரைக் கிலோ இறங்கிற்று. பாக்கி இரண்டரைக் கிலோ இன்னும் அவரிடமே இருக்கிறது.

சீஸுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். பேச்சுச் சுவாரஸ்யத்தில் கத்தி போனபடி போனால் 100 கிராம் சுலபமாக உள்ளே போய்விடும். அது 400 கலோரி. ஒன்றரை மணி நேர நடைக்குச் சமானம். அதைவிட மோசம், உருளைக்கிழங்கு மசாலாவும் வெண்ணெயும் போட்ட தோசையின்மேல் சீஸைத் துருவிக் குவிப்பது. மைதா ரொட்டியின்மேல் உருகி வழியும்போதும் அப்படித்தான். சீஸ் அங்கே தனியாக வருவதில்லை, பரிவாரத்தோடு வருகிறது.

ஆசை தீர உண்ண வேண்டுமானால் வழி இருக்கிறது. 200 கிராம் கட்டியை வாங்கிய அன்றே ஏழு துண்டாக நறுக்கித் தனித்தனியே சுற்றி வையுங்கள். உண்பதற்கு அரைமணி முன்பு குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வைத்தால் மணமும் ருசியும் எழும்பும். குறைவாகத் தின்றாலும் நாக்குத் திருப்தியடையும். ரொட்டிக்குப் பதில் வெள்ளரிப் பிஞ்சு, தக்காளி, அரைப் பழுத்த கொய்யா. ஏலத் தோட்டத்து நிழல் மரங்களில் ஏறும் மிளகு நமக்குப் பஞ்சமில்லை. நான்கு மணி இடித்துத் தூவிப் பாருங்கள். அடையின்மேல் போடத்தான் வேண்டும் என்றால், பதினைந்து கிராம் துருவல், எண்ணெய்க்குப் பதிலாக. எண்ணெயோடு கூட அல்ல. கொழுப்பு நீக்கியது என்று விற்கிறார்களே, அதை ஒருமுறை தின்றேன். அழி ரப்பருக்குப் பாடசாலையில் வேறு உபயோகம் இருக்கிறது.

இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பைக் கவனிக்க வேண்டும். தீப்பெட்டித் துண்டு ஒன்றில் ஏறக்குறைய அரைக் கிராம் உப்பு இருக்கும். பதப்படுத்தித் தாள் தாளாக விற்பதில் இன்னும் அதிகம். நாள் முழுவதற்கும் ஐந்து கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் சொல். சீஸ் உண்ட அன்று அப்பளமும் ஊறுகாயும் ஓய்வெடுக்கட்டும். வீட்டில் பாலைத் திரித்துச் செய்யும் பன்னீரில் உப்புத் தொந்தரவு இல்லை. ஆனால் அதுவும் 100 கிராமுக்குச் சுமார் 300 கலோரி என்பதை மறக்க வேண்டாம். சைவர்கள் உறையின்மேல் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளுக்குப் பதில், நுண்ணுயிர்களிலிருந்து கிடைப்பதை இப்போது பெரும்பாலோர் உபயோகிக்கிறார்கள். விலை மலிவாயிருக்கிறதே என்று சந்தேகம் தோன்றினால், உறையின் பின்புறத்துச் சிற்றெழுத்தையும் படியுங்கள். பாற்கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்த பண்டமாக இருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வரலாம். அதற்காக ஒன்றரை மணி நேரம் நடப்பது தண்டம்.