மோட்டார் காப்புறுதியும் நடுவுநிலைமையும்

தமிழாசிரியர் ஒருவருக்கு மோட்டார் வண்டிக் காப்புறுதியில் என்ன வேலை என்று இம்மலரைப் புரட்டும் அன்பர்கள் வினவுதல் கூடும். நாம் கல்லூரிக்கு வருவது துவிச்சக்கர வண்டியில். அதற்குக் காப்புறுதி கேட்பார் எவருமிலர். ஆயினும் விழாவை முன்னிட்டு ஊர் வந்த பழைய மாணவர் ஒருவர், எம்மோடு ஒரே வாங்கிலிருந்து பயின்றவர், ஆசிரியர் அறையிலே எம்மிடம் விடுத்த வினாவொன்று இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

அவர் கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழ்பவர். பல்லாண்டு சிறு பட்டினம் ஒன்றிற் குடியிருந்துவிட்டு, உறவினரும் கோயிலும் அண்மையில் இருத்தல் வேண்டுமென விரும்பி, ரொறன்ரோ நகரையடுத்த பிரம்ரனுக்கு வீடு மாறினார். வண்டி அதே வண்டி. சாரதியும் அதே சாரதி. ஒருநாளேனும் விபத்து விளைத்தவர் அல்லர். ஆயினும் காப்புறுதிக் கட்டணம் வெகுவாக உயர்ந்தது. மறு ஆண்டு, 18 வயது நிரம்பிய மகன் அனுமதிப்பத்திரம் பெற்று அவ்வண்டியை ஓட்டத் தொடங்கவே கட்டணம் மீண்டும் ஏறிற்று. “நீர் வாத்தியார்; பிள்ளைகளுக்கு நீதிநூல் படிப்பிக்கிறீர். ஒரு பிழையுஞ் செய்யாதவன் கூடக் கட்டுவது எந்த நீதி? சொல்லும் பார்ப்போம்” என்றார் அவர். அன்று நாம் தக்க விடை கூறினோமல்லேம். இன்று கூற முயல்கின்றோம்.

காப்புறுதி என்பது யாது? பலர் கூடிச் சிறு தொகை இட்டு, அவருள் இடருற்ற சிலரைத் தாங்குதலே அதன் உயிர்நிலை. எமது கிராமங்களிலுள்ள மரண சகாய நிதிச் சங்கங்கள் செய்து வருவதும் இதுவே. அங்கே முதியோர் உள்ள வீடும் இளையோர் மாத்திரம் உள்ள வீடும் ஒரே சந்தாவைச் செலுத்துகின்றன. அதனை அநீதி என்பார் இலர். அங்கத்தவர் யாவரும் அயலவர். இன்று கொடுப்பவர் நாளை பெறுபவர் என்பதை அவர்கள் அறிவர்.

காப்புறுதிக் கொம்பனியின் நிலை வேறு. அங்கே சேருவோர் ஒருவரையொருவர் அறியார். எல்லாரிடமும் ஒரே கட்டணம் அறவிடும் கொம்பனியை விட்டு, விபத்துக் குறைந்த சாரதிகள் மலிவான விலை கூறும் மற்றொன்றை நாடிச் செல்வர். விபத்து மிக்கோரே எஞ்சுவர். எஞ்சியோர் கட்டணம் மேலும் உயரும். இதனை அஞ்சியே கொம்பனிகள் சாரதிகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்து விலை கூறுகின்றன. வாகன நெருக்கம், வண்டிக் களவு, பழுதுபார்க்கும் கூலி, வைத்தியச் செலவு, பொய்யான நட்டஈட்டுக் கோரிக்கை ஆகியவை ஊருக்கு ஊர் வேறுபடுவன. இளஞ் சாரதிகள், அவருள்ளும் ஆடவர், விபத்துகளில் அதிகம் சிக்குவது பல நாடுகளிலும் கண்ட உண்மை. ஆகவே எம் நண்பர் கட்டணம் உயர்ந்ததற்கு எவருடைய வன்மமும் காரணமன்று, கணக்கே காரணம். இதை முதலில் ஒப்புக்கொள்ளுதல் நேர்மை.

ஆயின், கணக்குச் சரியாயிருத்தல் மாத்திரம் நீதியாகுமோ? ஒரு வகுப்பிலே பலர் பரீட்சையிற் குறைந்த புள்ளி பெற்றனர் என்பதற்காக, அவ்வகுப்பிலே நன்கு எழுதிய மாணவனுடைய புள்ளியையும் குறைக்கும் ஆசிரியரை நாம் நடுவுநிலையாளர் என்போமா? விபத்தை முன்கூட்டி அறிய இயலாமையால் கொம்பனி வகுப்பைப் பார்க்கின்றது என்பது உண்மையே. எனினும் அறியக்கூடியவற்றை அறிந்தபின்னும் வகுப்பையே பிடித்துக்கொண்டிருத்தல் முறையன்று.

இவ்வினா நீதிமன்றமும் ஏறியுள்ளது. ஒன்ராறியோவிலே மணமாகாத இளைஞர் ஒருவர், தமது வயதும் பாலும் மணமாகாமையும் காரணமாகக் கூடிய கட்டணம் அறவிடப்பட்டதென்று முறையிட்டார். 1992 ஆம் ஆண்டில் கனடாவின் உச்ச நீதிமன்றம், நடைமுறைக்கு ஏற்ற வேறு வழி அக்காலத்தில் இல்லாமையைக் கருதிக் கொம்பனியின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆயினும் வேறு வழி தேடும் கடமை காப்புறுதித் துறையினருக்கு உண்டென்பதையும் சுட்டிற்று. ஐரோப்பிய நீதிமன்றமோ 2011 மார்ச் 1 ஆந் திகதி அளித்த தீர்ப்பினால், ஆண் பெண் வேறுபாடு கொண்டு கட்டணம் வகுத்தலை ஒழித்தது. 2012 டிசம்பர் 21 முதல் அத்தீர்ப்பு நடைமுறைக்கு வந்தது.

பிறிதொரு வழியைக் காட்டியது அமெரிக்காவின் கலிபோர்னியா. 1988 ஆம் ஆண்டில் அம்மாநில மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 103 ஆம் இலக்கப் பிரேரணையின்படி, சாரதியின் கடந்தகால ஓட்டப் பதிவு, ஆண்டுதோறும் ஓடும் தூரம், ஓட்டிய அனுபவ ஆண்டுகள் என்னும் மூன்றுமே கட்டணத்தை நிருணயிப்பதில் முதன்மை பெறுதல் வேண்டும். வதியும் இடம் முதலியன அவற்றுக்குப் பின்னரே நிற்றல் வேண்டும். கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணம் இன்னும் ஒரு படி சென்றுள்ளது. 1945 இல் நிறுவப்பட்ட அரச காப்புறுதி நிறுவனம் அங்கே அடிப்படைக் காப்புறுதியை வழங்குகின்றது. வயது, பால், வதியும் இடம் என்பவற்றை அது கருதுவதில்லை. நன்கு ஓட்டுவோர்க்குக் கழிவும் விபத்து விளைத்தோர்க்கு மேலதிகக் கட்டணமும் விதிக்கின்றது. அடிப்படைக் காப்புறுதிக்கு அங்கே வேறு கொம்பனி இல்லாமையால், மலிவு விலை தேடி விலகிச் செல்வார் இலர். நாம் மேலே கூறிய அச்சத்துக்கும் அங்கே இடமில்லை.

இதனால் எல்லாம் நிறைவெய்திவிட்டது என்பதன்று. இடவேறுபாட்டை முற்றாக நீக்கினால், வீதிகள் வெறிச்சோடிய ஊரிலுள்ளவர் நெருக்கடி மிக்க நகரத்தவர்க்காகக் கூடக் கட்ட நேரும். எம் நண்பர் சிறு பட்டினத்தில் வாழ்ந்த காலத்தில் இதை விரும்பியிருப்பாரோ என்று அவரையே கேட்டல் வேண்டும். ஆகவே இடத்துக்குச் சிறு பங்கும் நடத்தைக்குப் பெரும் பங்கும் அளித்தலே தக்கது என்பது எமது துணிபு.

இவ்வாறு நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மோட்டார் காப்புறுதி விரும்பினால் வாங்கும் பட்டுச்சேலையன்று, சட்டத்தின் கட்டாயம். அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் 1927 முதலும், பிரித்தானியாவில் 1930 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் அது கட்டாயமாயிற்று. எமது நாட்டிலும் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந் தரப்புக் காப்புறுதியை வேண்டுகின்றது. வாங்கியே தீரவேண்டும் என்று சட்டம் கூறும் பொருளின் விலை, வரியைப் போன்றது. வரியிலே நடுவுநிலைமை வேண்டுமென்பவர் இதிலும் அதனை வேண்டுதல் தகும். மேலும், ஏழைத் தொழிலாளி தன் வாடகைக்கும் வேலைக்கும் உறவுக்கும் ஏற்ற இடத்திற் குடியிருக்கின்றானேயன்றி, விபத்துக் கணக்கைப் பார்த்து வீடு தேடுவதில்லை. 2017 ஆம் ஆண்டில் புரோபப்ளிக்கா என்னும் செய்தி நிறுவனம் மற்றொரு நிறுவனத்தோடு கூடி அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் நடத்திய ஆய்வு, நட்டச் செலவு ஒத்திருந்தும் சிறுபான்மையினர் செறிந்த பகுதிகளிற் சில கொம்பனிகள் கூடிய கட்டணம் அறவிட்டதாகக் கூறிற்று. காப்புறுதித் துறையினர் அதனை மறுத்தனர். எனினும் இடம் என்னும் பெயரால் வேறொன்று அளக்கப்படுகின்றதோ என்னும் ஐயத்தை ஆராய்வது அரசின் கடன்.

அண்மைக் காலத்திலே, வண்டியிற் பொருத்தும் கருவியாலோ கைத்தொலைபேசியாலோ சாரதியின் வேகத்தையும் சடுதியாகத் தடை போடுதலையும் அளந்து கட்டணம் வகுக்கும் முறையும் வந்துளது. வகுப்பை விடுத்து மனிதனைப் பார்க்கும் முறை என்ற அளவில் அது நன்றே. ஆயின் இரவில் ஓட்டுவதையும் குறையாக எண்ணும் திட்டங்கள் உள. தொழிற்சாலையில் இரவு வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பிக்கும் தந்தைக்கு அது மீண்டும் ஒரு தண்டனையாகும்.

நிற்க. எம் நண்பருக்கு வேறொருவர் ஓர் உபாயம் உரைத்தனராம்: வீடு மாறினாலும் பழைய பட்டினத்திலுள்ள உறவினர் முகவரியையே காட்டும் என்று. மகனது வண்டிக்குத் தந்தையே முதன்மைச் சாரதி என்று பொய்யாக எழுதும் வழக்கமும் பிற நாடுகளில் உண்டு. இதனை நாம் சிறிதும் ஏற்கோம். விபத்து நிகழ்ந்த நாளிலே கொம்பனி உண்மையை ஆராயும்; நட்டஈடு மறுக்கப்படலாம்; ஒப்பந்தமே செல்லாதொழியலாம். ஆண்டுதோறும் மிச்சம்பிடித்த சிறு தொகைக்காக அன்று வீட்டையே ஈடுவைக்க நேரும். இத்தகைய பொய்களின் செலவும் ஈற்றில் உண்மை கூறும் அயலவர் கட்டணத்திலேயே ஏறுகின்றது. அநீதியைப் பொய்யால் திருத்தப் புகுவோர் அதனை அடுத்த வீட்டாரின் தலையில் ஏற்றுகின்றனர். நண்பர் அவ்வுபாயத்தைக் கைக்கொள்ளவில்லை என்று அறிந்து மகிழ்ந்தோம்.

ஆகவே அவர்க்கு நாம் கூறும் விடை இது: நீர் கூடக் கட்டுவதில் ஒரு பகுதி, உமது ஊரின் வீதிச் செலவைப் பகிர்தல், அது நீதியே. எஞ்சிய பகுதி, உம்மை அறிய முயலாமல் உம் அயலைக் கொண்டு உம்மை அளத்தல், அது நீதியன்று. அப்பகுதியைக் குறைக்கச் சட்டமியற்றுவோரிடம் கேளும். கடல்கடந்த நாடுகளில் வாக்குரிமை பெற்று வாழும் எமது பழைய மாணவர்கள், ஆண்டு விருந்தோடு நின்றுவிடாது, ஒன்றுகூடி இத்தகைய பொதுக் காரியங்களிலும் குரல் கொடுத்தல் வேண்டும்.

இன்று இக்கல்லூரியிற் பயிலும் மாணவர்க்கும் ஒரு சொல். எம் நாட்டில் வாகனத்தின் வகை, பெறுமதி, பயன்பாடு, நட்டஈடு கோராதிருந்த ஆண்டுகள் ஆகியவையே கட்டணத்திற் பெரிதும் கருதப்படுகின்றன. உங்கள் வயதுக்கு விலை கூறுவது இன்னும் பெருவழக்காகவில்லை. எனினும் கல்லூரி வாயிலிலே நீங்கள் மோட்டார்ச் சைக்கிளைச் செலுத்தும் வேகத்தை நாளும் காண்கின்றோம். இளைஞர் வகுப்புக்கு உலகம் கூறும் விலை, இளைஞர் ஒவ்வொருவரும் எழுதிய கணக்கின் கூட்டுத்தொகை. எம் நண்பரின் மகன் தான் செய்யாத பிழைக்கு விலை கொடுக்கின்றான். நாளை உங்கள் தம்பியர் அவ்வாறு கொடாதிருக்கும்படி, இன்று நீங்கள் நிதானமாக வண்டி ஓட்டுவீர்களாக.