தக்காளியும் திருநீற்றுப்பச்சையும்

"சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்னும் பழமொழியை நாம் வகுப்பறையிலே பலமுறை கூறியிருக்கின்றோம். படியாது பரீட்சைக்குச் செல்லும் மாணவனுக்கு அதனினும் ஏற்ற அறிவுரை வேறில்லை. ஆயினும் அப்பழமொழியின் நேரான பொருளை, அதாவது சட்டியையும் அகப்பையையும் பற்றிய பொருளை, நாம் நன்கு உணர்ந்துகொண்டது சென்ற விடுமுறையிலேதான். உணர்த்தியவள் எம் மகள். அதற்குக் கருவியானது இத்தாலி நாட்டாரின் கோடைகால உணவு ஒன்று.

மகள் உயர்தர வகுப்பிலே உயிரியல் பயில்பவள். இத்தாலியரின் சமையலைப் பற்றிய கட்டுரையொன்றை எங்கோ வாசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வரவிருந்த மாமன் குடும்பத்தாருக்குப் பாஸ்தா சலாது செய்து படைக்கப்போவதாக அறிவித்தாள். அவித்து ஆறவைத்த பாஸ்தா, பழுத்த தக்காளி, ஒலிவ் எண்ணெய், நறுமண இலை, பண்டங்கள் இவ்வளவே. தக்காளிக்கு நெருப்புக் காட்டுவதே இல்லை. இதிலே தவறுவதற்கு என்ன இருக்கின்றது என்று நாமும் எண்ணினோம்.

முதற் பிணக்கு இலையிலே தோன்றியது. கட்டுரையின் தமிழாக்கம் அவ்விலையைத் துளசி என்று குறித்திருந்தது. மகள் கத்தரிக்கோலுடன் முற்றத்துத் துளசிமாடத்தை அணுகினாள். திண்ணையிலிருந்த எமது அன்னையார் அதனைக் கண்டார்.

"பூசைக்கு வைத்ததைப் பிடுங்கிக் கறிக்குப் போடுகிறதோ பிள்ளை?"

"இது கறியில்லை, அப்பம்மா. சலாது."

"எதுவாயிருந்தாலும் அடுப்படிக்குத்தானே போகிறது!"

வழக்கு எம்மிடம் வந்தது. ஆராய்ந்து பார்த்ததில் இருவருள் எவரும் தவறியவரல்லர், தவறியவர் மொழிபெயர்த்தவரே. துளசியும் இத்தாலியர் உணவிலிடும் இலையும் உறவுடையன, ஆயின் ஒன்றல்ல. தாவரநூலார் இரண்டையும் ஓசிமம் என்னும் ஒரே சாதியில் அடக்குவர். துளசிக்கு ஓசிமம் தெனுயிபுளோரம் என்றும், மற்றையதற்கு ஓசிமம் பசிலிக்கம் என்றும் பெயர். இப்பின்னையதைத் தமிழர் நெடுங்காலமாகவே அறிவர். திருநீற்றுப்பச்சை என்பது அதுவே. அதன் விதையைத்தான் நாம் கசகசா என்று பெயரிட்டு, நீரிலே ஊறவைத்துச் சர்பத்திலும் பலூடாவிலும் இடுகின்றோம். ஐரோப்பியர் வழங்கும் பேசில் என்னும் பெயரோ, அரசர்க்குரியது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது.

திருநீற்றுப்பச்சையிலும் வகைகள் பல. ஜெனோவா நகரை அடுத்த கரையோரத்திலே வளர்வது இனிய மென்மணம் உடையது. எம் நாட்டு வேலியோரத்துச் செடியிலே காரமான மணம் மிகுந்திருப்பதுண்டு. ஆதலின் இலையைக் கசக்கி மணந்து பார்த்து, மணம் வன்மையாயின் அளவைக் குறைத்துக்கொள்வதே தக்கது. கிணற்றடியிலே தாமே நட்டு வளர்த்த செடி அதுவென்று அறிந்ததும் அன்னையார், "அதை முதலே சொல்லியிருக்கலாமே" என்று கூறி, தாமே எழுந்து சென்று ஒரு பிடி கொய்து கொடுத்தார்.

இவ்வாறு பிணக்குத் தீர்ந்தது; ஆனால் விருந்து சிறக்கவில்லை. மகள் சனிக்கிழமை மாலையிலேயே யாவற்றையும் கலந்து, குளிர்சாதனப் பெட்டியிலே பத்திரமாக வைத்துவிட்டாள். மறுநாள் நண்பகல் எடுத்துப் படைத்தபோது இலைகள் கறுத்துச் சுருண்டிருந்தன. தக்காளியிலே மணமில்லை. பாஸ்தாவோ முதல்நாட் சோறுபோல விறைத்திருந்தது. வந்தவர்கள் பண்புடையோர். "நல்லாய் இருக்குது பிள்ளை" என்று கூறி ஒரு வாய் உண்டு, கத்தரிக்காய்க் குழம்பின் பக்கம் திரும்பிக்கொண்டனர். மகள் ஒன்றும் பேசாது கோப்பைகளைக் கழுவினாள். "இத்தாலியருக்கு நாக்கு வேறு போலும், அப்பா" என்று மாலையிலே அவள் கூறியபோது, அது சரியன்று என்று எமக்குத் தோன்றியது. உலகம் விரும்பும் ஓருணவு எம் வீட்டிலே மாத்திரம் சுவையற்றுப் போவானேன்? இருவரும் காரணம் தேடப் புகுந்தோம்.

இத்தாலியிலே ஆனி முதல் ஆவணி வரை கோடை. தென்பகுதியிலே நண்பகல் வெயில் எமது யாழ்ப்பாணத்து வெயிலுக்கு இளைத்ததன்று. அவ்வேளையிலே அடுப்பின்முன் நிற்க எவரும் விரும்பார். எனவே பாஸ்தா அவியும் பத்துப் பன்னிரண்டு நிமிட நேரத்துக்கு மாத்திரம் அடுப்பை மூட்டி, ஏனைய யாவற்றையும் நெருப்பின்றியே முடித்துவிடுகின்றனர். ஓகஸ்ட் 15ஆம் திகதி அந்நாட்டிலே பெராகொஸ்தோ என்னும் விடுமுறை நாள். உரோமப் பேரரசன் ஒகஸ்தசின் காலத்து விழாவின் பெயரை இன்றும் தாங்கிநிற்பது. அன்று குடும்பங்கள் கடற்கரைக்கும் மலைச்சாரலுக்கும் கட்டிச் செல்லும் உணவுகளுள் பாஸ்தா சலாதும் ஒன்று. காலையிலே செய்து நண்பகலில் உண்பதே அதன் இயல்பு.

இவ்வெளிய உணவிலே உலகத்தின் பெரும்பகுதி ஒன்றுகூடியிருப்பதையும் மாணவர்கள் கருதிப்பார்த்தல் நன்று. கோதுமை மேற்காசியாவிலே தோன்றியது. திருநீற்றுப்பச்சை ஆசியாவிலிருந்து மேற்கே சென்றது. தக்காளியோ அமெரிக்கக் கண்டத்துக்குரியது. மெக்சிக்கோவின் நாவாத்தில் மொழியிலே தொமாத்தில் எனப்பட்டது. ஸ்பானியர் வாயிலாக 16ஆம் நூற்றாண்டிலே ஐரோப்பா வந்தது. 1544ஆம் ஆண்டிலே மத்தியோலி என்னும் இத்தாலிய மருத்துவர் அதனைத் தம் நூலிலே குறித்தார். இத்தாலியர் அதற்கு இட்ட பெயர் பொமதோரோ. பொற்கனி என்பது பொருள். பெயர் பொன்னாயினும் மதிப்பு உடனே வாய்க்கவில்லை. ஐயத்துடனேயே பலர் அதனை நோக்கினர். 1690களிலே நேப்பிள்ஸ் நகரில் வெளிவந்த அந்தோனியோ லத்தீனியின் சமையல் நூலிலே தக்காளிக் குழம்பொன்று இடம்பெற்றது. பாஸ்தாவும் தக்காளியும் இணைபிரியாத துணைகளானது அதற்கும் ஒரு நூற்றாண்டு பிந்தியே. இன்று தக்காளியில்லாத இத்தாலியச் சமையலை எண்ணவும் முடியவில்லை. மிளகாயில்லாத எமது சமையலை எண்ண முடியாததுபோல.

இனிக் காரணங்களுக்கு வருவோம்.

முதலாவது தக்காளி. குளிரானது இப்பழத்துக்குப் பகை. 2016ஆம் ஆண்டிலே புளோரிடாப் பல்கலைக்கழகத்தார் பங்குகொண்ட ஆய்வொன்று வெளியாயிற்று. பழுத்த தக்காளியை 5 பாகை செல்சியசிலே ஏழுநாள் வைத்துப் பின்னர் வெளியே எடுத்து ஒருநாள் விட்டுப் பார்த்தபோது, இனிப்பும் புளிப்பும் பெரிதும் மாறவில்லை. மணந்தரும் பொருள்களோ வெகுவாகக் குறைந்திருந்தன. மணத்தை ஆக்கும் நொதியங்களுக்குரிய பரம்பரையலகுகள் குளிரிலே அடங்கிவிடுவதே காரணம் என்று அவர்கள் கண்டனர். சமைத்த குழம்பிலே இக்குறையை உள்ளியும் மிளகாயும் மறைத்துவிடும். நெருப்புக் காணாத சலாதிலே மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மகள் வாங்கிய தக்காளியும் நான்கு நாள் குளிரிலே கிடந்ததுதான். சட்டியில் இல்லாதது அகப்பையில் வரவில்லை.

இரண்டாவது திருநீற்றுப்பச்சை. வெப்பநாட்டுச் செடியாதலின், 10 பாகையளவு குளிரிலேயே அதன் இலை கறுக்கத் தொடங்கும். கத்தியால் நசுங்கினாலும் அவ்வாறே. கொய்த காம்புகளை நீருள்ள குவளையிலே பூப்போல நிறுத்தி, வெளியிலேயே வைத்தல் வேண்டும். உண்பதற்குச் சற்று முன்னரே கையாற் கிள்ளி இடுதல் நலம்.

மூன்றாவது பாஸ்தா. அவியும்போது நீரை ஏற்று நெகிழ்ந்த மாப்பொருள், ஆறும்போது மீண்டும் இறுகுகின்றது. இவ்விறுக்கம் குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலே மிக விரைவாக நிகழும். சோறும் பாணும் அங்கே விறைப்பது இதனாலேயே.

அங்ஙனமாயின் இரவு முழுவதும் வெளியிலே வைத்துவிடலாமா எனின், கூடவே கூடாது. இதனை வாசகர்கள் சிறப்பாக மனங்கொள்ளல் வேண்டும். சமைத்த மாவுணவிலே பசிலசு சீரியசு என்னும் பற்றீரியா வளரவல்லது. அது உண்டாக்கும் ஒருவகை நஞ்சு மீளச் சூடாக்கினாலும் அழியாது. 2008ஆம் ஆண்டிலே பெல்ஜியத்தில் இருபது வயது மாணவர் ஒருவர், ஐந்துநாள் சமையலறையில் வெளியே கிடந்த ஸ்பகெற்றியைச் சூடாக்கி உண்டு, அவ்விரவே உயிர்நீத்தார் என்று மருத்துவ ஏடொன்றிலே பதிவாகியுள்ளது. விடுதிகளிலே தங்கிப் பயிலும் மாணவர்கள் இதனை மறத்தலாகாது. எமது வெப்பநாட்டிலே சமைத்த உணவு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருத்தல் தகாது. மிஞ்சினாற் பெட்டியிலே வைத்து மறுநாள் உண்ணலாம். தீங்கில்லை, சுவையும் இல்லை.

ஆகவே இவ்வுணவுக்குக் குளிரும் ஆகாது, தாமதமும் ஆகாது. செய்த பொழுதிலே உண்ணப்படவேண்டும். இம்முடிவுக்கு வந்ததும் மகளின் முகம் தெளிந்தது. அடுத்த ஞாயிறு அவள் செய்த முறையைக் கீழே தருகின்றோம். நால்வருக்குப் போதுமான அளவு.

நன்கு பழுத்த தக்காளி 600 கிராம் எடுத்துக் கழுவித் துடைத்து, சிறு துண்டுகளாக அரிக. விதையையும் அதனைச் சூழ்ந்த கூழையும் எறிந்துவிடுவோர் உளர், அது பிழை. உணவுக்கு உருசியூட்டும் குளுத்தாமிக்கமிலம் சதையிலும் அக்கூழிலேயே மிகுதி. துண்டுகளை அகன்ற பாத்திரத்திலிட்டு, ஒரு சிறு கரண்டி உப்பைத் தூவி, நசுக்கிய உள்ளிப்பல் ஒன்றும் ஐந்து மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெயும் சேர்த்து, அரைமணி நேரம் மூடி வைக்க. பிரசாரணம் பயின்ற மாணவருக்கு நிகழ்வது விளங்கும்: உப்பு நீரை வெளியே இழுக்கின்றது. அச்சாறும் எண்ணெயும் கலந்ததே இச்சலாதின் குழம்பு. வேறு புளி வேண்டியதில்லை.

பாஸ்தா 320 கிராம் போதும். நீண்ட ஸ்பகெற்றி இதற்கு உதவாது. சாறு தங்கும் குறுகிய வடிவங்களே ஏற்றவை. திருகுபோன்ற புசில்லியும், வண்ணத்துப்பூச்சி என்றே பொருள்படும் பார்பாலேயும் நல்லன. பொதியிலே வன்கோதுமை எனக் குறித்திருக்கின்றதா என்று பார்த்து வாங்குக. உலர்ந்த பாஸ்தாவை வன்கோதுமை ரவையாலேயே ஆக்கவேண்டும் என்று இத்தாலியிலே 1967ஆம் ஆண்டு சட்டமே இயற்றப்பட்டது. மென்கோதுமையாலானது எளிதிற் குழைந்து பசையாகிவிடும்.

100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லீற்றர் நீரும் 10 கிராம் உப்பும் என்பது இத்தாலிய வீடுகளின் கணக்கு. நீர் தளதளவென்று கொதித்த பின்னரே பாஸ்தாவை இடுக. பல்லுக்குச் சற்றே தடைகாட்டும் பதத்திலே வடித்து, குளிர்நீர் ஊற்றாது, அகன்ற தட்டிலே பரப்பி, ஒரு கரண்டி எண்ணெய் விட்டுக் கிளறுக. கைச்சூடு அளவுக்கு ஆறியதும், உள்ளியை எடுத்துவிட்டுத் தக்காளியுடன் கலக்குக. இளஞ்சூட்டிலே கலந்தாற்றான் பாஸ்தா சாற்றை உறிஞ்சும். கால்மணி நேரம் பொறுத்து, இருபது இலையளவு திருநீற்றுப்பச்சையைக் கிள்ளிப் போட்டு, மிளகுதூள் தூவிப் படைக்க. கிடைக்குமாயின் மொசரெல்லாப் பாற்கட்டி சிறிது சேர்க்கலாம், கிடையாவிடின் குறையில்லை.

சந்தையிலே தக்காளி பழுத்து மலிந்து வரும் காலமே இதற்கு உரிய காலம். காயாகப் பறித்துத் தூரத்திலிருந்து ஏற்றிவந்த பழத்தைக்கொண்டு இதனைச் செய்ய முயலவேண்டாம்; அன்றைக்குக் குழம்பே வைக்க.

இரண்டாம் ஞாயிறு விருந்தினர் எவருமில்லை, வீட்டார் மாத்திரமே. மகள் பதினொரு மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கெல்லாம் படைத்துவிட்டாள். இலையின் மணம் திண்ணைவரை வந்தது. அன்னையார் முதலிலே ஒரு சிறு துண்டு தக்காளியை எடுத்து வாயிலிட்டுப் பார்த்தார். பின்னர் கோப்பையை அருகே இழுத்துக்கொண்டார்.

"ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று சொல்வார்கள். இது ஆறினாலும் பழசாகவில்லை, பிள்ளை" என்றார்.

அன்று குளிர்சாதனப் பெட்டியிலே வைப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.