பத்து மாதத்தோடு முடிவதில்லை

ஆண்டுதோறும் நம் மாணவர்க்குக் கொடுக்கப்படும் கட்டுரைத் தலைப்புகளில் 'தாய்மை' தவறாது இடம்பெறும். மாணவரும் தவறாது எழுதுவர்: பத்து மாதம் சுமந்தாள், நொந்து பெற்றாள், கண்விழித்து வளர்த்தாள். அத்தோடு கட்டுரை முடியும். நாமும் சந்திப்பிழை திருத்தி மதிப்பெண் இட்டுவிடுவோம். பெற்றவள் அதன்பின் நாற்பது ஆண்டு வாழ்கிறாளே, அவ்வுடல் என்னவாயிற்று என்று எந்த மாணவனும் எழுதியதில்லை. எழுதுமாறு நாமும் கேட்டதில்லை. கவியரங்க மேடைகளும் இக்குற்றத்தையே செய்கின்றன. தாயைத் தெய்வமாக்கிவிட்டால் அவளுக்கு மருத்துவம் தேவையில்லை போலும்!

நம் அன்னையர் பலர் தோட்டத்துப் பெண்கள். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, இருள் பிரியுமுன் நிரைக்குச் சென்று, காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தோளில் சுமந்தவர்கள். மகப்பேற்றின்போது இடுப்பின் அடித்தளத் தசைகளும் அவற்றைப் பிணிக்கும் நார்களும் இழுபட்டுத் தளர்கின்றன. பேறு கூடக்கூடத் தளர்ச்சியும் கூடும். பளு சுமத்தல் அதற்குத் துணைபோகும். இளமையில் இது வெளியே தெரிவதில்லை. மாதவிடாய் நின்று சுரப்புக் குறைந்தபின் கருப்பை கீழிறங்குகிறது. இருமினாலும் சிரித்தாலும் சிறுநீர் கசிகிறது. அவள் அதை மகளிடமும் சொல்லாள். திருமணத்திற்கு அழைத்தால் முழங்கால் வலி என்பாள். திருவிழாவுக்கு அழைத்தால் கூட்டம் ஆகாது என்பாள். பயிற்சியும், உள்ளே பொருத்தும் வளையமும், அறுவை மருத்துவமும் இருக்கின்றன. இருந்தென்ன? வாய்திறந்து சொல்ல அவளுக்குச் சொல் வேண்டுமே! அச்சொல்லைத் தராத நாம் மொழியாசிரியர் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று இதைவிடக் கொடியது. கருவுற்றிருக்கையில் வந்த 'இனிப்பு நீர்' பிள்ளை பிறந்ததும் போய்விட்டது என்று மகிழ்கிறோம். போகவில்லை, பெரும்பாலும் ஒளிந்துகொள்கிறது. அவ்வாறு வந்தவர்க்குப் பிற்காலத்தில் நிலையான நீரிழிவு தோன்றும் வாய்ப்பு ஏனைய தாய்மாரைக் காட்டிலும் ஏழு மடங்குக்கும் மேல் என 2009ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ஆய்வுகள் காட்டின. பேற்றுக்குப்பின் சில வாரங்களில் ஒரு சோதனையும், பின்னர் வாழ்நாள் முழுதும் ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சோதனையும் தேவை. மலேசிய இந்தியரில் வயது வந்தோருள் நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் நீரிழிவு உடையோர் என்று 2019ஆம் ஆண்டு நாட்டு நலவாழ்வு ஆய்வு கூறிற்று. இச்செய்தியைக் கேட்டபின்னும் வாளாவிருப்போமா?

கருக்காலத்தில் இரத்தக் கொதிப்பு ஏறிச் சிறுநீரில் புரதம் கண்டவர்க்கும் இதே கதைதான். பிற்காலத்தில் அவர்க்கு இதயநோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. ஐம்பத்தைந்து வயதில் நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்கு வந்த என் அன்னையிடம் புகைபிடிப்பாரா என்று கேட்டார்கள். வாழ்நாளில் வெற்றிலையும் போடாதவர் அவர். என்னைச் சுமந்தபோது கை கால் வீங்கிக் கிடந்ததை எவரும் கேட்கவில்லை. நானும் அறியேன், அறிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"எங்கள் பாட்டி பத்துப் பெற்றாள், தொண்ணூறு வரை வாழ்ந்தாள்" என்பார் உளர். ஆம், வாழ்ந்த பாட்டிக்குப் பேரன் இருந்து பெருமை பேசுகிறான். ஐந்தாம் பேற்றில் இறந்தவளைப் பற்றிப் பேச யார் இருக்கிறார்?

மகப்பேறு கேடு என்று நான் வாதிடவில்லை. பிள்ளை பெறுதலும் பாலூட்டுதலும் மார்புப் புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்கின்றன. பன்னிரண்டு மாதப் பாலூட்டலுக்கு நூற்றுக்கு நான்கு அளவில் குறைகிறது என 30 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் கண்டனர். நன்மையாயினும் தீமையாயினும் பேற்றின் வரலாறு உடலில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்க மறுப்பதையே கண்டிக்கிறேன். மலேசியாவில் 60 நாளாக இருந்த பேறுகால விடுப்பு 2023இல் 98 நாளாயிற்று. நல்லதே. தொண்ணூற்றொன்பதாம் நாள் முதல் அவளைக் கேட்பார் யார்?

ஆகவே ஆசிரியத் தோழர்களே, அடுத்த தவணையில் 'தாய்மை' என்ற தலைப்பை ஒதுக்கிவையுங்கள். மூத்த வகுப்பு மாணவரை வீட்டுக்கு அனுப்பித் தாயிடமும் பாட்டியிடமும் கேட்கச் சொல்லுங்கள்: எத்தனை முறை கருவுற்றீர்கள், எத்தனை தங்கின, அப்போது இனிப்பு நீரோ கொதிப்போ இருந்ததா, எத்தனையாம் நாள் வேலைக்குத் திரும்பினீர்கள்? சொல்ல விரும்பாதவரை வற்புறுத்த வேண்டா. சொன்னதை மாணவர் ஒரு தாளில் எழுதித் தாயிடமே கொடுக்கட்டும். அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது அவர் அதைக் கையோடு கொண்டுபோவார்.