தாத்தாவின் துப்பாக்கியும் நம் வீட்டு அரமும்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்தின் பின்புறத் தெருவில் குடியிருக்கும் நமது அன்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "சார், நீங்கள் ரயில்வேயில் பட்டறை பார்த்தவர். ஒரு யோசனை சொல்ல வேண்டும்" என்று கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பழைய கைத்துப்பாக்கி ஒன்று, துணியின்மேல் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஓர் அரம்.

அன்பரின் தாத்தா மதராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு, ராணுவம் கழித்த துப்பாக்கி ஒன்றை மலிவாக வாங்கினாராம். பிறகு அது அன்பரின் தகப்பனார் பெயரில் உரிமத்துடன் இருந்தது. தகப்பனார் காலமாகி எட்டு மாதம் ஆகிறது. இப்போது அன்பரின் மகன் அதைப் பழுது பார்க்க உட்கார்ந்துவிட்டான். டெக்சாஸில் இருக்கும் அவனுடைய பெரியப்பா மகன் பழைய டோக்கரேவ் ஒன்றை வாங்கி, சாப்பாட்டு மேசையிலேயே ஸ்பிரிங்கை மாற்றிப் படம் அனுப்பியிருக்கிறான். அங்கே செய்யலாம் என்றால் இங்கே ஏன் கூடாது என்பது பையனின் கேள்வி.

நியாயமான கேள்விதான். பழுது பார்ப்பதை நான் குறை சொல்லமாட்டேன். என் வேலைக்காலம் முழுவதும் அதுதான் எனக்குச் சோறு போட்டது. ஆனால் இந்த ஒரு பொருளில் மட்டும் கை வைக்காதே என்றேன். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நம் வாசகர் இல்லங்களிலும் இப்படி ஒரு பெட்டி பரணில் இருக்கக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதல் காரணம் சட்டம். துப்பாக்கி வைத்துக்கொள்ள மட்டும்தான் உரிமம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கி செய்வதற்கும் விற்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் தனி உரிமம் கேட்கிறது. 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பிரிவை மீறினால் தண்டனை ஏழு ஆண்டுக்குக் குறையாது, ஆயுள்வரை போகலாம். வீட்டு மேசையில் செய்ததையும் போலீஸார் அதில் சேர்த்தால், அது அப்படி இல்லை என்று வாதாட நமக்குத்தான் பல ஆண்டுகள் ஆகும். தவிர, தகப்பனார் பெயரில் இருந்த உரிமம் மகனுக்குத் தானாக வந்து சேராது. எட்டு மாதமாக அந்த வீட்டில் இருப்பது உரிமம் இல்லாத ஆயுதம்.

இரண்டாவது காரணம் என் தொழில் சம்பந்தப்பட்டது. தேய்மானம் என்றால் என்ன? ரயில் சக்கரத்தின் விளிம்பும் தேயத்தான் செய்கிறது. சரக்கு வண்டியில் அது 16 மி.மீ.க்குக் கீழே போனால் அந்தச் சக்கரம் ஓடக்கூடாது. யாரும் கண்ணால் பார்த்து 'பரவாயில்லை' என்று அனுப்புவதில்லை. கேஜ் வைத்துப் பார்த்து, கடைசல் இயந்திரத்தில் ஏற்றி, மறுபடி அளந்த பிறகே வெளியே விடுவார்கள். அளவு, கருவி, மேற்பார்வை மூன்றும் சேர்ந்ததுதான் பழுது பார்த்தல். அளவில்லாமல் அராவுவது பழுது பார்த்தல் ஆகாது.

துப்பாக்கிக்குள் சுத்தியலைப் பிடித்து நிறுத்துவது ஒரு சின்னக் கொக்கியின் முனை. அதன்மேல் பரப்பில் மட்டும் மெல்லிய தோல்போலக் கடினப்படுத்தியிருப்பார்கள். 'விசை கெட்டியாக இருக்கிறது, கொஞ்சம் இலகுவாக்கலாம்' என்று அரத்தை வைத்தால் அந்தத் தோல் போய்விடும். உள்ளே இருப்பது மென்மையான இரும்பு. முதல் நாள் விசை வெண்ணெய்போல வேலை செய்யும். சில நாளில் முனை மழுங்கும். பிறகு கைதவறிக் கீழே விழுந்தாலே வெடிக்கலாம். அந்த வீட்டில் ஆறு வயதுப் பேத்தி ஒருத்தி இருக்கிறாள். இதைச் சொன்னதும் அன்பர் கைபேசியை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

"தாத்தா ஞாபகம் சார், எப்படிக் கொடுப்பது?" என்று கேட்டார். அந்த மனசும் புரிகிறது. 1980களின் நடுவில் இறக்குமதிக்குக் கதவடைத்த பிறகு பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கு நம் நாட்டில் நல்ல விலையும் உண்டு. வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் நேர்வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் வாரிசுகள் விண்ணப்பிக்க இடம் தருகின்றன. உரிமம் பெற்றவர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது ஆனாலோ 25 ஆண்டு வைத்திருந்தாலோ, வாரிசின் பெயருக்கு மாற்றக் கேட்கலாம். நம் வீட்டுப் பெரியவர்கள் இதைத் தள்ளிப்போடுவதால்தான் பிள்ளைகள் அவஸ்தைப்படுகிறார்கள். பெங்களூரில் இதற்கு அதிகாரி நகரக் காவல்துறை ஆணையர். அதுவரை ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சட்டம் சொல்கிறது. பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறாமல், முதலில் நிலையத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அவர்கள் சொல்கிறபடி செய்வதே உத்தமம். உரிமம் கிடைத்த பிறகு, பழுது பார்க்க உரிமம் உள்ள கடைக்காரர் இருக்கிறார். அவர் கூலி அதிகம்தான். ஆனால் சிக்கனம் பார்க்கும் இடம் இதுவல்ல.

பையன் முகம் வாடிவிட்டது. அவனிடம் எனக்குக் கோபமில்லை. கையில் எடுத்துப் பிரித்துப் பார்க்கும் ஆசை இந்தக் காலத்துப் பிள்ளைக்கு இருப்பதே பெரிய விஷயம். அந்த ஆசைக்கு வேறு பொருள் கொடுக்க வேண்டியது நம் கடமை. பாட்டியின் தையல் இயந்திரம் இல்லையா? இதே ஊரில் 1961 முதல் எச்.எம்.டி. கைக்கடிகாரம் செய்தார்கள். சாவி கொடுத்தால் ஓடக்கூடிய அந்தக் கடிகாரங்கள் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் தூங்குகின்றன. அதில் தப்பு செய்தால் போவது ஒரு ஸ்பிரிங்தான்.

நமது சங்கத்தில் மாதம் ஒரு ஞாயிறு பழுது பார்க்கும் வகுப்பு வைத்தால் என்ன? மேசையும் வெர்னியரும் நான் கொண்டுவருகிறேன். அன்பரின் மகன் தாத்தாவின் கடிகாரத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான். துப்பாக்கி விஷயமாக அன்பர் மறுநாளே காவல் நிலையத்துக்கு எழுதிவிட்டார். உங்கள் பரணையும் ஒருமுறை பாருங்கள்.