இரும்புச் சாவி வலிப்பை நிறுத்தாது

இன்று கொஞ்சம் காரமாகத்தான் எழுதுகிறேன். கோபப்படுகிறவர்கள் முழுதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

"வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுங்கள், உடனே நிற்கும்" என்று போன வாரம் நம் குழுவில் ஒரு செய்தி. கும்பிடு போட்டவர்களில் இரண்டு பேர் என்னிடம் அறிவியல் படித்தவர்கள்! பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்து வருவதற்கும் அது நிற்பதற்கும் நேரம் சரியாக இருக்கும். பெயர் மட்டும் சாவிக்கு.

சாவியோடு விட்டால்கூடப் பரவாயில்லை. அடுத்து கோடாங்கி, மந்திரித்த கயிறு, கடைசியில் படிப்பை நிறுத்துவது. பையனுக்கு வந்தால் மதுரைக்கு ஓடுகிறீர்கள். பெண்பிள்ளைக்கு வந்தால், "வெளிய தெரிஞ்சா யாரு கட்டுவா?" என்று வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறீர்கள். திருமணச் சட்டத்தில் தடையாக இருந்த வலிப்பை 1999-லேயே நீக்கிவிட்டார்கள். நம் வீடுகளில் எப்போது நீக்கப் போகிறோம்?

இது பேயா, சாபமா? வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைக் கேளுங்கள். ஒரு காலத்தில் வலிப்பு வந்த பிள்ளைகளின் மூளை ஸ்கேனில் சிறு புள்ளி தெரிந்தால், காசநோய்க் கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். அங்குள்ள டாக்டர்கள் சாண்டி, ராஜசேகர் குழுவினர் 1980-களின் இறுதியில் ஆராய்ந்து, அவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டிகள் என்று காட்டினார்கள். பல புள்ளிகள் நாளடைவில் தானே மறைந்தும் போகும்.

"நாங்க சைவம், எங்களுக்கு எப்படி?" என்று கேட்காதீர்கள். வயிற்றில் நாடாப்புழு உள்ள ஒருவர் கருவேலங்காட்டில் ஒதுங்கினால், அதன் முட்டை மண்ணிலும் தண்ணீரிலும் கலந்து, கழுவாத கை வழியாக யார் வாய்க்கும் போகும். அந்தப் பிள்ளைக்குத் தேவை கழிப்பறையும் சோப்பும். எலுமிச்சம்பழம் அல்ல.

மருந்து பணக்காரர்களுக்கு மட்டும் என்பதும் பொய். கர்நாடகத்தின் எளந்தூர் கிராமங்களில் டாக்டர் கே. எஸ். மணி குழுவினர், பழைய, விலை குறைந்த மாத்திரைகளை ஒழுங்காகக் கொடுத்தே பலருக்கு வலிப்பைக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். 2001-ல் லான்செட் இதழில் அது வெளிவந்தது. 'ஒழுங்காக' என்பதுதான் முக்கியம். "இப்பத்தான் வரலையே" என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரும்.

இன்னொன்று. பக்கவாதம் பெரியவர்களுக்குத்தான் என்று நினைக்காதீர்கள். பிறந்த குழந்தைக்கும் வரும், அது வலிப்பாகவே தலைகாட்டலாம். ஒரு வயதுக்கு முன்பே குழந்தை ஒரே கையை மட்டும் நீட்டினால், "பீச்சாங்கைக்காரன்" என்று சிரிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. முதல்முறை வந்ததென்றால், நின்றுவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விருதுநகரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு: பாடத்தின் நடுவே சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு, என்ன நடந்ததென்றே தெரியாமல் விழிக்கும் பிள்ளையை அடிக்காதீர்கள். அதுவும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம். பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

நம் சொந்தத்தில் ஒரு பெண்ணை எட்டாம் வகுப்போடு நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஜூன் மாதம் அவள் ஒன்பதாம் வகுப்பில் உட்கார வேண்டும். பள்ளியில் பேச வேண்டுமென்றால் நான் வருகிறேன். கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பையை மாட்டி விடுங்கள்.

— உங்கள் டீச்சர், திருச்சுழி