பல்லும் ஓர் உறுப்பே!

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - வேதியியல்)

“பல் போனால் சொல் போச்சு” என்பது நம் முன்னோர் மொழி. “நொறுங்கத் தின்றால் நூறு வயது” என்பதும் அவர்கள் மொழியே. சொல்லுக்கும் சோற்றுக்கும் பல் வேண்டும் என்று அறிந்த சமுதாயம் நம்முடையது. அப்படியிருந்தும், கண் போனால் பதறுகிறோம்; கால் போனால் கலங்குகிறோம்; பல் போனால் மட்டும் “வயதாகிவிட்டது” என்று சொல்லிச் சும்மா இருந்து விடுகிறோம். இது முறைதானா?

எங்கள் பொதட்டூர்பேட்டை நெசவாளர் ஊர். விசைத்தறி ஓடும் வீட்டில் உரக்கப் பேசினால்தான் காதில் விழும். பல் இழந்த முதியவர் அங்கே என்ன சொன்னாலும் எவருக்கும் விளங்குவதில்லை. நாளடைவில் அவர் பேசுவதையே குறைத்துக் கொள்கிறார். என் ஆயா ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறிவிடுவார். ஆனால் கடைத்தெருவில் வாங்கும் வேர்க்கடலையை அப்படியே எங்களிடம் கொடுத்துவிடுவார். செயற்கைப் பல் பொருத்தும் பேச்சை எடுத்தால், “பல்லுக்குப் போயி இவ்ளோ பணமா கண்ணு? அந்தக் காசுக்கு நூல் வாங்கலாமே” என்பார். அவர் கணக்கைத் தவறென்று எப்படிச் சொல்வது?

இன்று ‘இம்ப்ளாண்ட்’ என்னும் முறை பெரிதும் பேசப்படுகிறது. தாடை எலும்பில் டைட்டானியம் என்ற உலோகத்தாலான சிறு திருகைப் பதித்து, அதன்மேல் பல்லைப் பொருத்துவதே இம்முறை. இதன் பிறப்பு வியப்பானது. ஸ்வீடன் நாட்டு அறிஞர் பிரானெமார்க் 1952-இல் எலும்பினுள் இரத்த ஓட்டத்தை ஆராய, முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவியொன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்ததும் எடுக்க முயன்றார், வரவில்லை. எலும்பு அதனோடு ஒன்றிவிட்டது! 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அவர் இத்திருகுகளைப் பதித்தார். அவை நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அம்மனிதர் இறக்கும் வரை பயன்பட்டன.

வேதியியல் மாணவர்கள் இதன் காரணத்தை அறியலாம். காற்று பட்டதும் டைட்டானியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது. அப்படலம் அரிப்பைத் தடுக்கிறது. ஆகவே உடலும் அதை ஏற்றுக்கொள்கிறது.

இந்த உலோகம் நமக்கு அந்நியமானதா? இல்லை. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் டைட்டானியத்தின் தாதுவாகிய இல்மனைட் கிடைக்கிறது. கேரளத்துச் சவறாவில் 2011-இல் டைட்டானியம் எடுக்கும் ஆலையே தொடங்கப்பட்டது. மண் நம்முடையது, பல் மட்டும் ஏன் எட்டாக்கனியாக இருக்க வேண்டும்? தனியார் மருத்துவமனைகளில் ஒரு பல்லுக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. திருகின் விலையோடு மருத்துவரின் பயிற்சி, எக்ஸ்ரே, ஆய்வகச் செலவு எல்லாம் அதில் அடங்கும் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் விலை குறையவே குறையாது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

ஏனெனில் மதுரை நமக்கு வழிகாட்டியிருக்கிறது. கண்புரைக்கு வைக்கும் லென்ஸ் ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தது, வசதியுள்ளவர்க்கே கிடைத்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தை நிறுவி, அந்த லென்ஸை இங்கேயே மிகக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கியது. கண்ணுக்கு முடிந்தது பல்லுக்கு முடியாதா?

“உயிர் காக்கும் மருந்துக்கே வழியில்லாதவர் இருக்கும்போது பல்லுக்குச் செலவிடலாமா?” என்று கேட்பர். நியாயமான கேள்விதான். எல்லார்க்கும் எல்லாப் பல்லும் பதிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பலருக்குச் சாதாரணப் பல் செட்டே போதும். ஆனால் கீழ்த்தாடைச் செட் நழுவிக்கொண்டே இருப்பது பலர் படும் அவதி. அதை நிறுத்த இரண்டே திருகுகள் போதும். பல் முழுவதும் இழந்த கீழ்த்தாடைக்கு இதுவே முதல் தேர்வாக வேண்டும் என 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் கருத்துரைத்தனர். பன்னிரண்டு பல் அல்ல, இரண்டு திருகு! இதைக்கூடவா ஓர் அரசால் ஏழை முதியவர்க்குத் தர முடியாது?

சென்னையில் 1953 முதல் அரசு பல் மருத்துவக் கல்லூரி உண்டு. ஆனால் இச்சிகிச்சை ஒரு நாளில் முடிவதன்று. எலும்பு ஒன்றுவதற்கே சில மாதங்கள் ஆகும். பலமுறை போய்வர வேண்டும். ஒவ்வொரு பயணமும் நெசவாளிக்கு ஒரு நாள் கூலி இழப்பு; துணைக்குப் போகும் மகனுக்கும் அதே இழப்பு. ஆகவே திருகைச் சென்னையில் பதித்தாலும், தொடர் கவனிப்பைத் திருத்தணி போன்ற ஊர்களிலேயே பெற வழி செய்ய வேண்டும்.

நமக்கும் கடமை உண்டு, மாணவ நண்பர்களே! புகைப்பவர்க்கும், சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தாதவர்க்கும் பதித்த திருகு நிலைக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். எந்தத் திருகும் இயற்கைப் பல்லுக்கு ஈடாகாது. புகையிலையை விடுவோம், இருவேளை பல் துலக்குவோம், வீட்டுப் பெரியவர்களின் ஈறு வீங்கினால் பல்லைப் பிடுங்கச் சொல்லாமல் முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.

வாயைத் திறந்து சிரிப்பதும், கடித்து உண்பதும் செல்வர்க்கு மட்டும் உரிய சுகங்கள் அல்ல. உழைத்துத் தேய்ந்த முதியவர்க்கும் அவை உரியவையே. அந்த உரிமையை அவர்கள் கேட்க மாட்டார்கள். படிக்க வந்த நாம்தான் அவர்களுக்காகக் கேட்க வேண்டும்.